பேய் பங்களாவில் பூக்கட்டிப் பார்த்தவள்

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் அடுப்படி ஜன்னலும் ஜெபசெல்வி வீட்டுக் குசினி ஜன்னலும் நேருக்கு நேர் இருக்கின்றன, அதற்கு நான் என்ன செய்வேன்? கட்டின கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். வெங்காயம் உரிக்கிறபோது கண் எரிகிறதே என்று தலையைத் தூக்கினால் போதும், அவர்கள் வீட்டு மேசை, மேசைமேல் என்ன குழம்பு, யார் முகம் எப்படி இருக்கிறது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

அப்படித் தானாகத் தெரிந்ததுதான் இதுவும். ஜெபசெல்வி காலையில் மாதா கோவிலில் பூசை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து செல்போனைக் கீழே வைக்கவில்லை. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலால் அங்கொரு இடம் இங்கொரு இடம் தொட்டுக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

அவள் நிலைமை அப்படி. புருஷன் வளன் தோணியில் இன்ஜின் டிரைவர். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணி. பழைய துறைமுகத்தை விட்டுக் கிளம்பினபோது கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரி கிடந்ததாம், அவன் அப்பா பவுல் அண்ணாச்சி சொன்னார். மறுநாளே குமரிக்கடலில் காற்றழுத்தம் என்று டிவியில் வட்டம் போட்டுக் காட்டினான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். பின்னால் போன தோணி கொழும்பில் ஒதுங்கிவிட்டதாகச் சேதி வந்தது. வளன் போன தோணியிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பவுல் அண்ணாச்சி விடிந்ததும் போய்த் தோணி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், அடைக்கிற நேரத்தில் திரும்பி வருவார். வரும்போது அவர் நடையைப் பார்த்தே தெரு பதிலைத் தெரிந்துகொள்ளும்.

நாங்கள் எல்லாரும் ஆறுதல் சொல்லப் போனோம். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பிரேமா, முன்னொரு காலத்தில் மூழ்கிப் போன தோணியின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, “ஆனா உங்க ஆளுக்கு அப்படியெல்லாம் ஆகாதுளா” என்று முடித்தாள். அது ஆறுதலாம். நான் அப்படியெல்லாம் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “ஏளா, நான் வேணா எங்க கோவில்ல பூக்கட்டிப் பாக்கட்டுமா?”

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் பெரிய வைத்தியம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். நினைத்த பூ வந்தால் காரியம் ஜெயம். பெண் பார்க்க, இடம் வாங்க, ஆபரேஷனுக்குச் சம்மதிக்க எல்லாவற்றுக்கும் இங்கே பூதான்.

“வேண்டாம்க்கா,” என்றாள் ஜெபசெல்வி. “குறி கேக்கது, பூ போட்டுப் பாக்கது எல்லாம் பாவம்னு சாமியார் போன ஞாயித்துக்கிழமைதான் பிரசங்கம் வச்சாரு.”

“நீ எங்க போடப் போற, நான்தான போடுதேன்? பாவம் எனக்குத்தான வரும்.”

அவள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பயபக்தி. அப்படிப்பட்டவள் இப்போது பால் பொங்குவதுகூடத் தெரியாமல் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தால் நான் சும்மா இருப்பேனா? ஒரு தூக்குவாளியில் தோசை மாவு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாவு நல்ல சாமான். அது கையிலிருந்தால் யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் போகலாம்.

அடுப்பை அணைத்தேன். அவள் நிமிரவில்லை. பின்னால் போய் நின்று போனைப் பார்த்தேன்.

ஒரு பாழடைந்த பங்களா. அதன் மேல்மாடி அறை. உடைந்த கடிகாரம், கண் இல்லாத பொம்மை, எலும்புக் கை, கவிழ்ந்த நாற்காலி, கூண்டு, பூட்டு, பிய்ந்த குடை, சட்டத்துக்குள்ளிருந்து முறைக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி. தரை தெரியாமல் சாமான். சாமானுக்கு நடுவே சாமான். அடியில் ஒரு பட்டையில் ஆங்கிலத்தில் சில பேர்கள். அந்தப் பேருள்ள பொருளைக் குப்பைக்குள்ளிருந்து தேடி எடுக்க வேண்டுமாம். எடுத்தால் கதவு திறக்கும். எங்கேயோ கதவு கிரீச்சிட்டது, ஒரு பிள்ளை சிரித்தது. வெயில் அடிக்கிற பகல் நேரம், எதிர் வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தம் வேறு, இருந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது.

“என்னளா இது, இப்படி இறைச்சுப் போட்டிருக்காளுவ. பேய் வராம என்ன செய்யும்?”

“அந்த வீட்டு ஆளுக எல்லாரும் காணாமப் போயிட்டாங்கக்கா. ஒவ்வொரு ரூமா தேடணும்.”

“உனக்கு இருக்க கவலைக்கு இது தேவையா?”

அவள் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி மூலை மூலையாக மேய்ந்தாள். படத்துக்குக் கீழே மாட்டியிருந்த விளக்கைக் காட்டி, அது என்னவென்று கேட்டேன். அதைத் தொட்டால் பொருள் இருக்கிற இடத்தை அதுவே மின்னிக் காட்டுமாம்.

“அப்போ தொட வேண்டியதுதான?”

“தொடக் கூடாது.”

சொன்ன வேகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. நான் இத்தனை வருஷம் தெருவில் சும்மாவா இருந்தேன்? நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். “ஜெபா, என்ன நேந்துக்கிட்ட?”

போனைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இந்த மேல்மாடிய விளக்கத் தொடாம முடிச்சிட்டா அவர் இருக்காருன்னு அர்த்தம்.”

“முடிக்கலைன்னா?”

“கேக்காதீங்கக்கா.”

பார்த்தீர்களா? பூ போட்டுப் பார்த்தால் பாவம். பங்களாவில் பேய் வைத்துப் பார்த்தால் பாவமில்லை. சாமியார் இதைப் பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லையே! சிரிப்பு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன். கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

“இடையில போன் வந்தா?” என்று கேட்டேன். பேச்சை மாற்ற வேண்டுமே.

“வராது. பிரேமா அக்கா ஃப்ளைட் மோடுல போடச் சொன்னாங்க. இல்லாட்டி நடுவுல நடுவுல விளம்பரம் வந்து, திரும்ப முதல்லருந்து தேடச் சொல்லும்.”

“போன அடைச்சா வச்சிருக்க? எதாவது சேதி வந்தா?”

“சேதி வந்தா ஆபீஸுக்குத்தான் வரும். மாமா அங்கனதான இருக்காரு. எனக்கு வாரதெல்லாம் ‘எதாச்சும் தெரிஞ்சுதா, எதாச்சும் தெரிஞ்சுதா’ன்னு கேக்க போன்தான். ஒவ்வொரு தடவ மணி அடிக்கும்போதும் உசுரு போயிட்டு வருது.”

அப்படிக் கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

இன்னும் ஒரே ஒரு பொருள் பாக்கி. தையல்காரர் ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற சின்ன உலோகக் குப்பி. அதற்கு ஆங்கிலப் பேர் என்னவோ, நேற்றே பிரேமா கடையில் படம் பார்த்து வைத்துக்கொண்டாளாம். மேலே வரிசையாக மெழுகுவத்திகள். தப்பான இடத்தைத் தொட்டால் காக்கை கத்திக்கொண்டு பறக்கும், ஒரு மெழுகுவத்தி அணையும். எல்லாம் அணைந்து ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது.

எனக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. மாவைக் கொடுத்தாயிற்று, விஷயமும் தெரிந்தாயிற்று. ஆனால் கால் வரவில்லை. நானும் தேட ஆரம்பித்தேன். வெளியே காற்று எழும்பி முருங்கை மரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தாள், பிறகு இன்னும் குனிந்துகொண்டாள். சட்டத்துக்குள்ளிருந்த கிழவி அவ்வப்போது கண்ணைச் சிமிட்டினாள். நல்ல வேளை, எங்கள் வீட்டில் மாமியார் படம் பூஜை அறையில் சும்மா இருக்கிறது.

“அந்தக் கடிகாரத்துக்குப் பின்னால?”

“பாத்துட்டேன்.”

“பீரோ மேல?”

“அது மணிக்கா.”

“கூண்டுக்குள்ள ஒண்ணு மினுங்குதே.”

“அது குருவிக்குத் தண்ணி வைக்க கிண்ணம். சும்மா இருங்கக்கா, தேட விடுங்க.”

சும்மா இருந்தேன். இருந்தேனா என்று கேட்டால், வாய்தான் சும்மா இருந்தது. அந்தக் கண்ணில்லாத பொம்மையின் காலடியில், கிழிந்த பாவாடை மடிப்புக்குள் ஒரு சின்னக் குப்பி என் கண்ணுக்குப் பட்டது. சத்தியமாகப் பட்டது. வெள்ளி நிறம், மேலே புள்ளி புள்ளியாகக் குழி. “இந்தா இருக்குளா!” என்று கத்திக்கொண்டே விரலை நீட்டினேன். காட்டத்தான் நீட்டினேன். விரல் அதற்கு ஒரு நூல் தள்ளிப் போன் கண்ணாடியில் பட்டுவிட்டது.

காக்கை கத்தியது.

கடைசி மெழுகுவத்தி அணைந்தது. அறை முழுக்க இருட்டி, கிழவி மட்டும் சட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தாள். பிறகு அவளும் போனாள். ஏதோ எழுத்து வந்து நின்றது.

ஜெபசெல்வி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, வைத்த கையை அப்படியே விட்டிருந்தாள்.

“ஏளா, இது விளையாட்டு. கேம். எவனோ வெளியூர்க்காரன் உக்காந்து வரைஞ்சது. அவனுக்கு வளன யாருன்னு தெரியுமா?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“நான் தொட்டது கணக்குல சேராது. நீயா தொட்ட?”

“யார் தொட்டா என்னக்கா. அணஞ்சிட்டு.”

எனக்குள் என்ன ஓடியது என்று சொன்னால் வெட்கக்கேடு. அவன் நல்லபடியாக வந்து சேராவிட்டால் இந்தத் தெரு என்ன சொல்லும்? ‘செல்லக்கனி விரல் வைத்தாள், முடிந்தது’ என்று சொல்லும். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லுவேன். போனை எடுத்து, “திரும்ப ஆட முடியாதா? இதுல என்ன போட்டிருக்கான்?” என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தாள். “ஒரு விளம்பரம் பாத்தா ஒரு மெழுகுவத்தி தருவானாம். அதுக்கு நெட் போடணும்.”

“போடு. ஒரு விளம்பரம்தான, சோப்போ சேலையோ, பாத்துட்டுப் போவோம்.”

“பிரயோஜனம் இல்லக்கா. கெட்டது கெட்டதுதான்.”

“பூக்கட்டிப் பாக்கும்போது திருப்தி இல்லன்னா நாங்க ரெண்டாந்தடவயும் எடுப்போம், சாமி ஒண்ணும் கோவிக்காது. போடுளா.”

என் தொந்தரவு தாங்காமல்தான் போட்டாள். விளம்பரம் வரவில்லை. அதற்கு முன்னால் போன் துடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங் என்று நிறுத்தாமல், மேசைமேல் தவளை மாதிரி நகர்ந்துகொண்டே. போன் அடைத்திருந்த நேரத்தில் இந்த நம்பர் கூப்பிட்டது, இந்த நம்பர் கூப்பிட்டது என்று கம்பெனிக்காரன் அனுப்புகிற தகவல்கள். அத்தனையும் ஒரே நம்பர். பேர் இல்லாத நம்பர். கடைசியில் அதே நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு.

“யாரு நம்பர்?”

“தெரியல.” அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். “கோஸ்ட் கார்டா இருக்கும். போலீஸா இருக்கும். இத்தன தடவ யாருக்கா கூப்பிடுவா?”

“கேட்டுப் பாரு.”

“நான் கேக்க மாட்டேன். நீங்க கேளுங்க.”

போனை என் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்தவர் சேதியை அவர்களுக்கு முன்னால் கேட்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு, அதை மறைத்து என்ன. ஆனால் அன்றைக்கு அந்தச் சின்ன முக்கோணத்தைத் தொட முடியவில்லை. கொஞ்சம் முன்னால் அவசரமாக நீண்ட அதே விரல்தான். போன் திரையில் கிழவி இன்னும் நிற்கிறாளோ என்றுகூட இருந்தது. முருகா என்று சொல்லிவிட்டு, அவள் வீடாயிற்றே என்று மாதாவே என்றும் சொல்லி, தொட்டேன்.

முதலில் ஒரே இரைச்சல். பிறகு படபடவென்று இன்ஜின் சத்தம். அதற்கப்புறம்தான் ஆள் குரல்.

“ஏளா ஜெபா, நான்தான். எத்தன தடவ அடிக்கது? போன எங்கன போட்டுத் தொலைச்ச? இன்ஜின் நின்னு போச்சு. எங்க போனெல்லாம் தண்ணில போச்சு, இது விசைப்படகுக்கார அண்ணன் போன். சரக்க கடல்ல தள்ளிட்டோம். எல்லாரும் இருக்கோம், கேட்டியா, எல்லாரும் இருக்கோம். இப்ப கயிறு கட்டி சின்னமுட்டம் ஹார்பருக்கு இழுத்துட்டு வாராங்க. அப்பாட்ட சொல்லிரு. ஆபீஸ் நம்பர் யாருக்கும் தெரியல. உன் நம்பர் மட்டுந்தான்…” அதோடு அறுந்துவிட்டது.

அவள் நம்பர் மட்டும் அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு பேருக்கும் காதல் கல்யாணம். அந்தக் காலத்தில் அம்மா கண்ணில் பட்டுவிடுமென்று அவள் நம்பரைப் போனில் ஏற்றாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தான். இது தெருவுக்கே தெரியும், நான் சொல்லித்தான் தெரியும்.

ஜெபசெல்வி காதிலிருந்து கையை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்து முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் முகம் அழுகைக்குப் போகவில்லை.

“காலையிலேயே போட்டிருக்காரு,” என்றாள். “நான் பூசைக்குப் போயிட்டு வந்து உக்காந்த நேரம். அவர் கடல்ல நின்னு என்னக் கூப்பிட்டுருக்காரு. நான் இங்கன உக்காந்து அவர் இருக்காரான்னு பேய்கிட்ட கேட்டுட்டு இருந்திருக்கேன்.”

அந்த நம்பருக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். நான் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன். பவுல் அண்ணாச்சியிடம் செல்போன் கிடையாது, ஆபீஸ் நம்பர் எங்களுக்கும் தெரியாது, யாராவது நேரில் போக வேண்டும், போவதற்கு என்னை விட்டால் யார்? வாசல்வரை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, நான் போன அடைச்சு வச்சிருந்தேன்னு மாமாட்ட சொல்லிராதீங்க. கேம் ஆடினேன்னு சொல்லிராதீங்க. அவர் அங்கன பெஞ்சுல உக்காந்து செத்துக்கிட்டு இருந்த மனுஷன். காலையிலயே தெரிய வேண்டியத நான் தெரிய விடலைன்னா, அவர் மூஞ்சில நான் எப்படிக்கா முழிப்பேன்?”

“நான் ஏன்ளா சொல்லுதேன்,” என்றேன். அவள் என் கையை விடவில்லை. என்னைப் பற்றி அவளுக்கும் தெரியுமே.

பீச் ரோட்டில் மண்ணை வாரி அடித்தது காற்று. ஆட்டோக்காரன் ஒருவனும் நிற்கவில்லை. சேலையைப் பிடிப்பதா தலைமுடியைப் பிடிப்பதா என்று தெரியாமல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். தோணி ஆபீஸில் வயர்லெஸ் பெட்டி கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. பவுல் அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு, கையில் செபமாலையோடு இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். என் முகத்தில் எதைத் தேடினாரோ.

“வளன் பேசினான் அண்ணாச்சி. இருக்காங்க, எல்லாரும் இருக்காங்க. விசைப்படகுல கட்டி சின்னமுட்டத்துக்கு இழுத்துட்டு வாராங்களாம்.”

கிளார்க் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பெரியவர் நகரவில்லை.

“எப்ப பேசினான்?”

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் இந்தக் கேள்வி இல்லை. “இப்பதான்,” என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. வாசலுக்குப் போய் வெளியே பார்த்தார். “இப்பவா? இந்தக் காத்துலயா இழுத்துட்டு வாரானுவ? கயிறு நிக்காதும்மா. பாரத்த இழுத்துக் கயிறு அறுந்தா தோணி போய்ப் பாறையில ஏறிரும்.” “ஏலே வளா, வெட்டி விட்டுட்டு படகுல ஏறிக்கிடுங்கலே,” என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

நல்ல சேதி கொண்டுபோய் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தது நானாகத்தான் இருப்பேன். இதற்குமேல் மறைத்தால் பெரியவர் தாங்க மாட்டார்.

“இல்ல அண்ணாச்சி, பேசினது காலையில. நாங்க கேட்டதுதான் இப்ப.”

“காலையிலன்னா?”

“உங்க கோவில்ல பூச முடிஞ்ச நேரம்.”

“அப்பவே பேசினத ஏன் இப்ப கேட்டிய?”

கிளார்க்கும் என்னையே பார்த்தான். பொய் எனக்குப் புதிதில்லை. ஆனால் நான் சொல்வதெல்லாம் இருக்கிறதோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்கிற ரகம். இல்லவே இல்லாத ஒன்றை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லுவது வேறு.

“கரண்ட் இல்ல அண்ணாச்சி. எங்க தெருவுல காலையிலருந்து கரண்ட் இல்ல. போன் சார்ஜ் இல்லாமச் செத்துக் கிடந்துச்சு. பாவம் அந்தப் பிள்ள என்ன செய்யும்?”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. காலையில் காற்று இல்லை. காலையில் அந்த இடத்தில் இருந்திருந்தால், காற்று எழும்புமுன்னே உள்ளே வந்திருப்பார்கள். பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். “தண்ணி குடுங்க தம்பி,” என்று கிளார்க்கிடம் கேட்டார். தம்ளரை வாங்கினவர் குடிக்காமல் வைத்திருந்தார். நானும் நின்றுகொண்டே இருந்தேன். காலையில் வந்திருப்பார்கள் என்பது அவர் கணக்குத்தானே, கடல் போட்ட கணக்கில்லையே.

ஆபீஸ் போன் அடித்தபோது நாங்கள் யாருமே உடனே எடுக்கவில்லை. கிளார்க்தான் எடுத்தான். கேட்டான். “சின்னமுட்டம்” என்று ரிசீவர் வாயைப் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னான். பெரியவர் தம்ளரோடு எழுந்து போய், தண்ணீர் சட்டையெல்லாம் சிந்த, ரிசீவரை வாங்கினார்.

“ஏலே,” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வளன் சத்தமாகப் பேசுவது எனக்கே கேட்டது. அப்பா எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை அவன். ஜெபா போனுக்கு என்ன ஆனது என்றுதான் கேட்டான்.

“அவள ஒண்ணும் சொல்லாதடே,” என்றார் பவுல் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “தெருவுல காலையிலருந்து கரண்ட் இல்லையாம்.”

நான் மெதுவாக வாசலுக்கு நகர்ந்தேன். காலையிலிருந்து எங்கள் தெருவில் மிக்சி ஓடுகிறது, கிரைண்டர் ஓடுகிறது, பிரேமா கடையில் ஜெராக்ஸ் ஓடுகிறது. பெரியவர் வீட்டுக்கு வருவதற்குள் நான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, கரண்ட் போயிருந்தது என்று எல்லாரையும் நம்ப வைத்தாக வேண்டும். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன். முதலில் பிரேமா.